மூன்றாவது பார்ட்டிஷன் எதற்கு

என் மனைவி முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலையை, மறுநாள் காலை என் தேநீர் ஆறுவதற்குள் நான் அழித்து முடித்தேன். கோபத்தில் செய்ததல்ல. உதவி செய்யலாமே என்ற நல்லெண்ணத்தில் செய்தது. நான் செய்த பெரிய சேதங்கள் எல்லாமே நல்லெண்ணத்தில் செய்தவைதான். கெட்ட எண்ணம் வந்தால் சோம்பலில் படுத்துவிடுவேன்.

நானும் அவளும் ஒரே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறோம். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிற முடிவுகளையெல்லாம் சுமந்துகொண்டிருந்த பழைய சர்வர் கிழடாகிவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு புது சர்வர் வாங்கினார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு டிஸ்க் பெட்டி. ஒரு சர்வர் வேலை செய்யும், மற்றது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். வேலை செய்வது விழுந்தால், பார்த்துக்கொண்டிருந்தது எழுந்து அதே டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். வெளியே காத்திருக்கிற நோயாளிக்கு எதுவும் தெரியாது. ஒரு தீயில் இரண்டும் போய்விடக் கூடாதென்று ஒன்றைப் பழைய கட்டிடத்திலும் மற்றதைப் புதுக் கட்டிடத்திலும் வைத்தார்கள். பழைய கட்டிடத்துச் சர்வர் என் பொறுப்பு, புதுக் கட்டிடத்தினுடையது அவள் பொறுப்பு. இதில் எது வேலை செய்யும், எது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஆபீசில் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும்.

ஒரு டிஸ்க்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் அது குட்டிச்சுவர்தான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அவள் உண்டாக்கியது. டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்னால் அடுத்தவருக்குப் போன் செய்து “கை வைக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து “கை எடுத்துட்டேன்” என்று பதில் வந்த பிறகுதான் விசைப்பலகையைத் தொடலாம். பார்க்கிறவர்களுக்குப் பாண்டி விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில்தான் எங்கள் பிரிவு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை நான் போன் செய்யவில்லை. முந்தின நாள் அவளும் செய்யவில்லை. காரணம், நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பேசிக்கொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. பேசினோம். ஆனால் “சார்” போட்டுப் பேசினோம். ஆபீசில் அவள் என்னை “சார்” என்பாள், நான் அவளை “மேடம்” என்பேன், அது மரியாதைக்கு. வீட்டுக்கு வந்தால் “ஏங்க”. கொஞ்ச நாளாக வீட்டிலும் “சார்” வந்துவிட்டது. “சார், துண்டு கொடியில இருக்கு.” “சார், கதவைச் சாத்திட்டு வாங்க.” பக்கத்தில் படுத்துக்கொண்டு “சார், கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்று சொல்லக் கேட்ட புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கு மூலம் ஒரு மீட்டிங். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வரும் தூரத்து ஊரில் எங்கள் மருத்துவமனை ஒரு கிளை திறக்கிறது. அங்கே ஒரு சர்வர் வைத்து, இங்கே எழுதுவதையெல்லாம் அங்கேயும் ஒரு பிரதி அனுப்பி வைப்பதாகத் திட்டம். யாராவது இங்கிருந்து போய் அங்கேயே தங்கி அதை நடத்த வேண்டும். யாரும் போகாவிட்டால் அந்தத் திட்டமே கிடப்பில். மேனேஜர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அவள், “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றாள். உடனே என் வாய் சும்மா இருக்குமா. “இவங்க போயிட்டா எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டை எனக்கு யார் சார் சொல்லுவாங்க?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் பல் தெரியவில்லை.

அன்றிலிருந்து “சார்”.

போகிறாளா, போகவில்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பல விதமாகக் கேட்டும் பார்த்தேன். “என்ன மேடம், டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டேன். “பாக்கலாம் சார்.” “அங்க நல்ல வாடகை வீடு கிடைச்சா எனக்கும் ஒரு மூலை ஒதுக்கி வை, பழைய சர்வரைப் போடற மாதிரி என்னையும் போட்டு வை” என்றேன். “பாக்கலாம் சார்.” அந்தப் “பாக்கலாம்”-ஐ நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் போகிறேன் என்பதும் இருந்தது, போகவில்லை என்பதும் இருந்தது.

இப்போது அன்று காலைக்கு வருகிறேன்.

என் சர்வரில் உட்கார்ந்து டிஸ்க்கைப் பார்த்தேன். வெறும் மைதானம். ஒரு கோடு கூட இல்லை. பார்ட்டிஷன் போடுவது, அதாவது டிஸ்க்கைக் கோடு கிழித்துப் பங்கு பிரிப்பது, அவள் வேலை என்றுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் டிஸ்க்கைப் பிரித்து, பழைய முடிவுகளையெல்லாம் அதில் ஏற்றி, ஒரு சர்வரை வேண்டுமென்றே விழவைத்து மற்றது எழுகிறதா என்று மேனேஜர் முன்னால் காட்ட வேண்டும். பாவம், என் மேலிருக்கிற கோபத்தில் வேலை ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நாமே செய்து வைத்துவிட்டால் அவள் வந்து பார்த்து மனசு இளகுவாள், ஒரு “ஏங்க” கிடைத்தாலும் கிடைக்கும் என்று ஆசை.

உண்மை என்னவென்றால், அவள் முந்தின நாளே தன் சர்வரிலிருந்து கோடு போட்டுவிட்டாள். என் சர்வர் அதைத் திரும்பப் பார்க்கவே இல்லை. ஆன் செய்த அன்று ஒரு தடவை பார்த்ததையே அணைக்கிற வரை நினைத்துக்கொண்டிருக்கும் சுபாவம் அதற்கு. திரும்பப் பார் என்று யாராவது சொன்னால்தான் பார்க்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுக்கிற விஷயம்.

புதிதாகக் கோடு போடச் சொன்னதும் இயந்திரம் ஒரு கேள்வி கேட்டது. இதில் ஏற்கனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா? வெறும் டிஸ்க் என்றால் அது இந்தக் கேள்வியே கேட்காது. அதையும் நான் பாடம் எடுத்திருக்கிறேன். இருந்தாலும், வழக்கமாகக் கேட்பதுதானே என்று “ஆம்” போட்டுவிட்டேன். அன்று காலையிலிருந்து என்னிடம் நேராகப் பேசியது அந்த இயந்திரம் ஒன்றுதான். அதையும் நான் மதிக்கவில்லை.

இரண்டு பங்கு போட்டேன். சின்னதாக ஒன்று. அதில் இரண்டு சர்வரும் சில நொடிக்கு ஒரு முறை “நான் இருக்கேன்” என்று எழுதிவைக்கும். ஒன்று எழுதுவதை நிறுத்தினால் அது போய்விட்டதென்று மற்றது முடிவு செய்யும். மிச்சமெல்லாம் பெரிய பங்கு, முடிவுகள் வைக்க. பெரிய பங்கை ஃபார்மட் செய்யும் கட்டளையையும் அடித்து வைத்தேன். அப்போது போன் வந்தது. மாமியார். எங்களோடுதான் இருக்கிறார்.

“மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?”

“இல்ல அத்தை, ஆபீஸ்லதான் இருக்கேன்.”

“பரண் மேல இருக்கிற பெரிய பெட்டிய சாயங்காலம் வந்து இறக்கிக் குடுக்கறீங்களா? எனக்கு எட்ட மாட்டேங்குது.”

“எதுக்கு அத்தை பெட்டி?”

“அவ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?”

“எதை?”

“அப்ப நானும் சொல்லலை.”

“அத்தை, சொல்லாம விட்டா எப்படி? அவ போறாளா?”

“நான் பெட்டியத் தூசி தட்டலாம்னு கேட்டேன் மாப்பிள்ளை. தூசி தட்டறது குத்தமா?” என்று கேட்டு வைத்துவிட்டார். கேள்வியில் ஆரம்பித்துக் கேள்வியில் முடிப்பது அந்தக் குடும்பத்து வாகு.

நான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ சக்கர நாற்காலியை மடக்கத் தெரியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மடங்கவும் இல்லை, விரியவும் இல்லை. பெட்டியை இறக்கினால் அவள் போகிறாள் என்று அர்த்தமா, அல்லது தூசி என்று அர்த்தமா என்று யோசித்து முடிப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது திரை அணைந்து, அதில் நான் வேலை செய்துகொண்டிருந்த சாளரம் தானாக மூடிக்கொண்டிருந்தது. அப்படியே கிளம்பிப் போனேன்.

மேனேஜருக்கு ஆபீசில் “ரெண்டுந்தான்” என்று பெயர். இதா அதா என்று அவரிடம் எது கேட்டாலும் “ரெண்டுந்தான்” என்பார். கண்ணியமான மனிதர், யார் மனமும் நோகக் கூடாது அவருக்கு. என் மனைவி ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

“டிஸ்க் ரெடியா?” என்றார்.

“ரெடி சார்” என்றோம் இருவரும், ஒரே குரலில். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

“நல்லது. எத்தனை பார்ட்டிஷன்?”

“ரெண்டு” என்றேன் நான்.

“மூணு” என்றாள் அவள்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அன்போடு பார்த்தார். “அப்ப ரெண்டுந்தான் இருக்கும்” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க எப்படிப் பாத்தீங்க?”

“பாக்கலை மேடம். போட்டேன்.”

“என்ன போட்டீங்க?”

“பார்ட்டிஷன். உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு.”

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரத்தம்தான் கொஞ்சம் இறங்கியது. “நான் நேத்தே போட்டுட்டேன் சார். ராத்திரியிலேர்ந்து பழைய முடிவெல்லாம் ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப கூட என் மெஷின்ல நல்லா ஏறிக்கிட்டுத்தான் இருக்கு.”

“என் மெஷின்லயும் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அவளுடைய சர்வர் அவள் போட்ட மூன்று கோட்டை நினைவில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தது. என்னுடையது நான் போட்ட இரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே டிஸ்க், இரண்டு பேருக்கு இரண்டு வேறு டிஸ்க். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அவள் எழுந்து ஓடாத குறையாக வெளியே போனாள், ஏற்றுவதை நிறுத்த. மேனேஜர் டிஸ்க் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே ஒரு குரல், “டேட்டா இருக்கலாம் சார், இல்லாமலும் இருக்கலாம். எதுக்கும் ரெண்டு சர்வரையும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்றது. தன் வழியில் இன்னொருவரைக் கண்ட மகிழ்ச்சி மேனேஜர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு வேறொன்று உறுத்தியது. “சார், பிளான்ல ரெண்டு பார்ட்டிஷன்தானே. மூணாவது எதுக்கு?”

“அதுவும் பிளான்தான்.”

“எந்த பிளான்?”

“அந்த ஊருக்கு அனுப்பறது இருக்கில்ல. என்னென்ன அனுப்பியாச்சு, என்னென்ன அனுப்பணும்னு குறிச்சு வைக்கிறதுக்கு டிஸ்க்ல கொஞ்சம் இடம் வேணும். அதுக்கு.”

“அப்ப அனுப்பப் போறோமா?”

“ஆள் போனா அனுப்புவோம்.”

“ஆள் போறாங்களா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நீங்க என்கிட்ட கேக்கறதா, நான் உங்ககிட்ட கேக்கறதா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, “ரெண்டுந்தான்” என்றார்.

அங்கிருந்து புதுக் கட்டிடத்துக்குப் போகும் நடைபாதையில் பாதி வரை வந்த பிறகுதான் ரீஸ்டார்ட் என்ற வார்த்தை மண்டையில் ஏறியது. அவள் போட்ட கோடுகள் இப்போது டிஸ்க்கில் இல்லை. நான் அழித்துவிட்டேன். அவை இருப்பது ஒரே இடத்தில், அவள் சர்வரின் நினைவில். அதை ரீஸ்டார்ட் செய்தால், அது எழுந்து புதிதாகப் பார்க்கும். என் இரண்டு கோட்டைப் பார்க்கும். அவளுடைய மூன்றும் இருந்த இடமே தெரியாமல் போய்விடும். அவளும் அதையே செய்து பார்த்துவிட்டால்? போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓடினேன். கையில் மாத்திரைத் தட்டோடு வந்த நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். யாருக்கோ உயிர் போகிறது என்று நினைத்திருப்பார்.

அவள் சர்வர் அறைக் கதவை நான் திறந்தபோது குளிர்காற்று முகத்தில் அடித்தது. உள்ளே அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரீஸ்டார்ட் பண்ணிடாத” என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

“பண்ணுவேனா?” என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்கெங்க ஆரம்பிச்சு எங்கெங்க முடியுதுன்னு இதுகிட்டயிருந்து எடுத்துட்டேன். ஏத்தறதையும் நிறுத்தியாச்சு. அதே இடத்துல திரும்பக் கோடு போட்டா உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். கோட்டை அழிச்சதால வீடு இடிஞ்சிடாது.”

“அப்பாடா.”

“இருங்க சார். நீங்க கோடு மட்டும் போட்டீங்களா, ஃபார்மட்டும் பண்ணீங்களா? ஃபார்மட் பண்ணியிருந்தா வீடே தரைமட்டம். எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஏத்தணும். இன்னிக்கு முடியாதுன்னு அவர்கிட்ட இப்பவே சொல்லணும்.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, கட்டளையை அடித்து வைத்தது. என்டர் தட்டினேனா? தட்டவில்லையா? தட்டின மாதிரியும் இருந்தது.

“பண்ணியிருக்கலாம், பண்ணாமலும்...” என்று இழுத்தேன். மேனேஜர் குரலிலேயே இழுத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

அவள் நாற்காலியோடு திரும்பினாள். “சார், எனக்கு ஒரு வார்த்தை வேணும். பண்ணீங்களா, இல்லையா?”

இப்படி ஒரு பார்வையை முன்னே இரண்டு, மூன்று முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வைக்கு முன்னால் ஜோக் எழும்பாது. கண்ணை மூடி யோசித்தேன். இடது கையில் தேநீர்க் கோப்பை. வலது கை என்டரை நோக்கிப் போகிறது. போன் அடிக்கிறது. கோப்பையைக் கீழே வைக்க இடமில்லை, மேசை முழுக்க கேபிள். அதனால் வலது கையால்தான் போனை எடுத்தேன். பேசி முடித்த கையோடு ஜன்னலுக்குப் போனேன். பிறகு திரும்பி உட்காரவே இல்லை.

“பண்ணலை” என்றேன். “உங்கம்மா போன் பண்ணாங்க. பண்ணலை.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவள் தலையசைத்தாள். அந்த ஒரு வார்த்தையை நம்பினாள். அது எனக்கு என்னவோ செய்தது. இத்தனை நாளில் அவளிடம் நான் ஒரு விஷயத்துக்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னது அன்றுதான் என்று தோன்றியது.

“கை வைக்கிறேன்” என்றாள் திரையைப் பார்த்து.

பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் சொன்னேன். “கை எடுத்துட்டேன்.” சொன்னதோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், போலீசிடம் மாட்டியவன் மாதிரி. அவள் பார்க்கவில்லை, வேலையில் இருந்தாள்.

முதல் கோடு, சின்னது, “நான் இருக்கேன்” என்று எழுதுவதற்கு. இரண்டாவது, பெரியது. ஒவ்வொரு எண்ணையும் உதட்டுக்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தாள். மூன்றாவதுக்கு வந்தபோது அவள் விரல் நின்றது. எண்ணை மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். மறக்கவில்லை. பிறகு அதையும் போட்டாள். ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாள். எப்போதோ யாருக்கோ எடுத்த ரத்தப் பரிசோதனை, அப்படியே இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் அதிகம். அது எங்கள் தப்பில்லை.

அங்கிருந்தே என் சர்வரைத் தொடர்புகொண்டு திரும்பப் பார்க்கச் சொன்னேன். பார்த்தது. மூன்று கோடு. இப்போது இரண்டு சர்வரும் ஒரே டிஸ்க்கைப் பார்த்தன.

அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கிளம்பியிருக்க வேண்டும். கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். என்ன கேட்பது என்று தெரியும், எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. நாக்கு நுனியில் மூன்று ஜோக் வரிசையில் நின்றன. பெட்டியைப் பற்றி ஒன்று, மூன்றாவது பார்ட்டிஷனில் எனக்கும் கொஞ்சம் இடம் உண்டா என்று ஒன்று, இன்னொன்று நினைவில்லை.

“மூணாவது எதுக்குன்னு அவர் சொன்னார்” என்றேன்.

“ம்.”

“போறியா?”

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாக்கியத்துக்கு இன்னும் வால் வரும் என்று காத்திருந்தாள் போல.

“அவ்வளவுதானா? பின்னாடி ஒண்ணும் இல்லையா?”

“இல்ல. ஒரு வார்த்தை சொல்லு.”

“இந்தக் கேள்விய நீங்க இப்பத்தான் கேக்கறீங்க” என்றாள். “இத்தனை நாளும் ஜோக்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. ஜோக்குக்கு என்னன்னு பதில் சொல்றது? நானும் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

சர்வரின் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேசினால் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும். அவள் உரக்கவே பேசினாள்.

“போறேங்க. அடுத்த மாசம். நீங்களும் வரணும்னு எனக்கு ஆசை. வராட்டியும் போறேன்.”